ஏழாவது நிரல்

நான் அவரை முதன்முதல் கண்டது அவர் களவெடுத்துக்கொண்டிருந்தபோது. காலை ஆறரை மணி. ரொறன்ரோவில் வோபர்ன் பகுதியில் நாங்கள் குடியிருந்த பதினான்கு மாடிக் கட்டடத்தின் நடைபாதைகளைத் துடைப்பது அப்போது என் வேலை. கீழே எலிவேற்றருக்குப் பக்கத்தில் சூப்பரின்டென்ட் ஒரு தாள் ஒட்டியிருந்தார். கரப்பானுக்கு மருந்தடிக்க வருகிறார்கள், விரும்பியவர்கள் பெயர், கதவு இலக்கம், தொலைபேசி இலக்கம், வீட்டில் எத்தனை பேர் என்று எழுதுங்கள் என்று. இரண்டு நாளில் முப்பது பேருக்கு மேல் எழுதிவிட்டார்கள். எங்களுடைய இலங்கைத் தமிழ் ஆட்கள்தான் கூட. கனடாவில் எந்தத் தாளைக் கண்டாலும் பெயரை எழுதிவைத்துவிட வேண்டும், பிறகு கிடைக்கிறது கிடைக்காமல் போய்விடும் என்று எங்களுக்கு ஒரு அந்தரம்.

அந்தத் தாளைத்தான் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கம்பளிக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்று கழற்றிக்கொண்டிருந்தார். கிழிக்கவில்லை. நாலு மூலையிலும் டேப்பை நகத்தால் கிளப்பி, தாளுக்கு ஒரு சேதமும் வராமல் எடுத்து, நாலாக மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்தார். திரும்பினால் நான் துடைப்பக்கட்டையோடு நிற்கிறேன்.

"எல்லாருடைய பெயரும் இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். "வீட்டில் எத்தனை பேர் என்றும் இருக்கிறது."

கட்டடத்தில் நெருப்புப் பிடித்திருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கும் பயம் வந்துவிட்டது, எதற்கென்று தெரியாமலே. ஒருவருக்கும் அவரைக் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிட்டேன். தாளைக் காணவில்லை என்று சூப்பரின்டென்ட் என்னைத்தான் ஏசினார். அடுத்த கிழமை இன்னொரு தாள் ஒட்டினார், அதுவும் போய்விட்டது. அந்த வருடம் கரப்பான்களுக்கு நல்ல காலம்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கீழ்வாசல் அழைப்புப் பலகையில்கூட அவருடைய வீட்டுக்கு நேரே வெறும் கோடுதான் இருந்தது. நாங்கள் எல்லோரும் அவரை ஜேர்மன்காரர் என்றுதான் சொன்னோம். ஏழாம் மாடியில் இருந்த புத்தளத்துத் தையல்காரர், அவர் பழைய உளவாளி என்று அடித்துச் சொன்னார். தையல்காரருக்கு எல்லாரும் உளவாளிகள்தான், என்னையும் சேர்த்து.

அவர் உளவாளி இல்லை. ஜேர்மனியில் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன நகரத்தின் ஆவணக் காப்பாளராக முப்பத்தொரு வருடம் இருந்தவர். அந்த நகரசபையின் பழைய கடிதம், காணி உறுதி, வரைபடம், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாவற்றையும் காத்து, அடுக்கி, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. மனைவி இறந்தபின் ஒஷாவாவில் இருந்த மகளை நம்பிக் கனடாவுக்கு வந்தார். மருமகனோடு ஒத்துவரவில்லை. அதனால் எங்கள் கட்டடத்தின் பதினொராம் மாடியில் தனியே இருந்தார். மகள் ஞாயிறுகளில் சூப் கொண்டுவருவாள்.

அவர் என்னோடு பேசத் தொடங்கியது என் கையெழுத்தால். எலிவேற்றர் பழுது, தரை ஈரம் என்கிற அறிவித்தல்களை நான்தான் எழுதி ஒட்டுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் ஒன்பது வருடம் லிகிதராக இருந்தவன் நான். என்னுடைய எழுத்தைப் பார்த்துவிட்டு அங்கே பெரிய அதிகாரிகள் தங்கள் கடிதங்களை என்னிடம் எழுதத் தருவார்கள். ஜேர்மன்காரர் ஒரு நாள் அறிவித்தலுக்கு முன்னால் நின்று, "இந்த இலக்கங்களை எழுதியது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றதும் என் கையைப் பிடித்து உலுக்கினார். "இப்படி ஏழு எழுதுகிற ஒரு மனிதர் வாளியும் துடைப்பமுமாக நிற்கிறாரே" என்றார். கனடாவுக்கு வந்து ஆறு வருடத்தில் என்னை அப்படி ஒருவர் பார்த்தது அதுதான் முதல்தடவை. அன்றைக்கு முழுவதும் எனக்குத் தரை தெரியவில்லை.

அவருடைய வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தேன். தன்னுடைய நகரத்தைப் பற்றி அவர் பதினொரு சின்னப் புத்தகங்கள் எழுதியிருந்தார். ஆற்று வெள்ளம் எந்த வருடம் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் வந்தது என்று ஒரு புத்தகம். மாவரைக்கும் ஆலைகளைப் பற்றி ஒன்று. ஒரு ஒழுங்கை, ஆள் போகிற சின்னச் சந்து, ஏன் நடுவில் வளைகிறது என்பதற்கு நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒன்று. ஆளுயரத்துக்கு வந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது கைகளை விரித்து, கண்கள் மின்ன, சின்னப்பிள்ளை மாதிரி இருப்பார். ஆனால் பதினொரு புத்தகத்திலும் உயிரோடு இருக்கிற ஒரு மனிதனின் பெயர் இல்லை. ஆலைக்காரனுக்குப் பேரன் இருந்தால் அந்தக் கதையை ஆலைக்காரனோடு நிறுத்திவிடுவார்.

"செத்தவர்களை யாரும் வீடு தேடிப் போகமாட்டார்கள்" என்றார்.

கடதாசியோடு வாழ்ந்த மனிதருக்குக் கடதாசியில்தான் பயம். அவரிடம் பேனா இல்லை, பென்சில்தான். தபாலில் வரும் உறைகளில் தன் விலாசம் இருக்கும் துண்டைக் கத்தரித்து, ஒரு சட்டியில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, கூழாகும்வரை பிசைவார். கடைகளில் பரிசு விழும் லொத்தர் சீட்டில் பெயர் எழுதிப் பெட்டிக்குள் போடச் சொன்னால் கடையை விட்டே வெளியேறிவிடுவார். குடிசனக் கணக்கெடுப்புப் படிவம் வந்த வருடம் மூன்று நாள் படுத்துவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் பக்கத்தில் இருங்கள், நான் நிரப்புகிறேன்" என்றார். ஒவ்வொரு கேள்வியையும் விரலால் தொட்டு, "இது அவர்களுக்கு எதற்கு? இது அவர்களுக்கு எதற்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நாங்களோ ஒரு கடதாசி வந்தால் ஏழு போட்டோக்கொப்பி எடுத்து ஏழு இடத்தில் வைக்கிற சனம்.

அவர் இறந்தபோது, உடலைப் பார்வைக்கு வைத்த மலர்ச்சாலை வாசலில் வருகிறவர்கள் பெயரும் விலாசமும் எழுத ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தார்கள். மகள் பேனாவை நீட்டினாள். நான் வாங்கி, திரும்ப மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அவளுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். அந்த வாசலில் நின்று அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு நேரமும் போதவில்லை, தைரியமும் போதவில்லை.

இனி நான் போட்ட ஒரு பட்டியலின் கதை.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தில் சனம் போரால் ஒரேயடியாக இடம்பெயர்ந்து இரண்டாம் வருடம். ரொறன்ரோவில் இருந்த எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு நான் செயலாளர். யாருடைய தாய் வன்னியில் எந்தப் பள்ளிக்கூடத்தில் அகதியாக இருக்கிறா, யாருடைய தம்பி கொழும்பில் எந்த லொட்ஜில் இருக்கிறான் என்று ஒருவருக்கும் ஒழுங்காகத் தெரியாத காலம். சங்கத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். கோடைகால ஒன்றுகூடலுக்கு ஒரு மலர் போடுவோம், அதில் ஊர்க் குடும்பங்கள் எல்லாவற்றின் விபரமும் வரட்டும், ஆளை ஆள் கண்டுபிடிக்கலாம். நல்ல யோசனை. எனக்கோ பட்டியல் என்றால் சோறு வேண்டாம். நிரல்களை நான்தான் பிரித்தேன். ஒன்று, குடும்பத் தலைவர் பெயர். இரண்டு, ஊரில் எந்தப் பக்கம், எந்தக் குறிச்சி. மூன்று, கனடா விலாசம். நாலு, தொலைபேசி. ஐந்து, குடும்பத்தில் எத்தனை பேர். ஆறு, வந்த வருடம். ஏழு, ஊரில் அல்லது கொழும்பில் இருக்கும் நெருங்கிய உறவினர், வயது, இப்போதைய விலாசம்.

ஏழாவதுதான் எல்லாரும் கேட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தையும் தொலைபேசியில் பிடித்து விபரம் எடுத்தேன். என் தம்பியையும் போட்டேன். இருபத்துநாலு வயது, கொழும்பு கொட்டாஞ்சேனையில் லொட்ஜ், அறை இலக்கம் பதினாறு. வெளிநாடு போக ஏஜென்சிக்காரனுக்காகக் காத்துக்கொண்டு இருந்தான். அம்மா அப்பா போனபின் அந்த நாட்டில் எனக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான்.

ஒன்பது தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, இடது ஓரத்தில் பின் அடித்தது. ஐந்நூறு பிரதி வியாழக்கிழமை பின்னேரம் பெட்டிகளில் என் வீட்டுக்கு வந்தன. ஞாயிறு மில்லிக்கன் பூங்காவில் ஒன்றுகூடல். வருகிறவர்களுக்குக் கொடுத்து, மிச்சத்தை வழக்கம்போலத் தமிழ்க் கடைகளின் வாசலில் குவித்துவிட்டால் வேண்டியவர்கள் எடுத்துப்போவார்கள். எங்களுடைய கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாக் கடதாசியும் அந்தக் கடை வாசல்களில்தான் கிடக்கும்.

வெள்ளி காலை ஒரு பிரதியைக் கொண்டு பதினொராம் மாடிக்கு ஓடினேன். தொழில் தெரிந்த ஒருவர் என் நிரல்களைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கோடுகளைப் பார்த்தார். விலாசங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. "அழகு" என்றார். உண்மையாகவே சந்தோசப்பட்டார். பிறகு ஒவ்வொரு நிரலாக விரல் வைத்து இது என்ன, இது என்ன என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வற்றிக்கொண்டு வந்தது. ஏழாவதில் விரலை வைத்து நெடுநேரம் எடுக்கவில்லை.

"கொழும்பு என்பது உங்கள் அரசாங்கம் இருக்கிற இடம்தானே?"

"ஓம்."

"இவர்கள் உங்கள் ஆட்கள், இளம் ஆட்கள், அறை இலக்கத்தோடு."

"சொந்தக்காரர் தேடிப் பிடிக்கத்தான் போட்டது" என்றேன்.

"நீங்கள் அந்த நகரத்தில் இருந்தபோது வீடுகளை எரித்தார்கள் என்று சொன்னீர்கள். உங்கள் வீடு எது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?"

எண்பத்துமூன்றுக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் நான் இருந்த ஒழுங்கைக்குள் வந்தவர்களில் முன்னால் வந்தவன் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. பக்கத்து வீட்டு மதிலுக்குப் பின்னால் படுத்துக்கிடந்து அதைப் பார்த்தேன். வீட்டு இலக்கத்தை வாசித்து வாசித்து வந்தான். அதை எத்தனையோ பேருக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இந்த ஏழு நிரலையும் கோடு போட்டுப் பிரிக்கும்போது அந்த இடாப்பு என் நினைவுக்கு ஒருதடவைகூட வரவில்லை. இது நல்ல பட்டியல், நாங்கள் எங்களுக்காகப் போடுவது என்றுதான் இருந்தேன். அவர் கேட்டபோதுதான் வந்தது.

அப்போதுதான் அவர் தன்னுடையதைச் சொன்னார். யன்னலைப் பார்த்துக்கொண்டு, அலுவலக அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார்.

பதினேழு வயதில் நகரசபையில் குடிப்பதிவுப் பகுதிக்குப் பயிற்சி எழுதுவினைஞராகச் சேர்ந்தாராம். நகரத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அட்டை. பெயர், தெரு, தொழில், சமயம். பழைய அட்டைகள் கசங்கிக் கிடந்தன. ஒருவரும் சொல்லாமலே அவர் எல்லாவற்றையும் புதிதாக எழுதி, தெரு வாரியாக அடுக்கி, சமயத்துக்கு ஒரு நிறத்தில் மூலையில் அடையாளம் வைத்தார். மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். அந்த இலையுதிர் காலத்தில் ஒருவர் வந்தார். நல்ல மரியாதையான மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். யூதர்களின் அட்டை மட்டும் வேண்டும் என்றார்.

"நாற்பத்தொரு அட்டை. பழைய ஒழுங்கில் இருந்திருந்தால் ஒரு கிழமை சென்றிருக்கும். ஒரு கிழமையில் சிலர் ஓடியிருப்பார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிட்டேன்."

பிறகு அந்த அட்டைகள் திரும்பி வந்தனவாம். ஒவ்வொன்றிலும் கடைசி வரியில் 'இடம்பெயர்ந்தார், போன இடம் தெரியாது' என்று எழுதச் சொன்னார்கள். அதுவும் அவருடைய கைதான். போர் முடிந்து, படித்து, அதே நகரத்துக்கு ஆவணக் காப்பாளராக வந்தபோது அந்த நாற்பத்தொன்றும் அவருடைய பொறுப்பில் இருந்தன. அமெரிக்காவிலிருந்தும் இஸ்ரவேலிலிருந்தும் கடிதம் வரும், என் மாமி உங்கள் நகரத்தில் இன்ன தெருவில் இருந்தா, என்ன ஆனா என்று தெரியுமா என்று. முப்பத்தொரு வருடமும் ஒரு கடிதத்துக்கும் பதில் எழுதாமல் விடவில்லை என்றார்.

எனக்கு அவர் வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது. எழும்பிப் போய்விடவேண்டும் போலவும் இருந்தது, போனால் அவர் விழுந்துவிடுவார் போலவும் இருந்தது.

"வெட்டிவிடுங்கள்" என்றார். "ஏழாவது ஓரத்தில்தானே இருக்கிறது. கத்தி இருக்கிறதா?"

வீட்டுக்கு வந்து தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார் தலைவர். "சனம் காத்துக்கொண்டு நிக்குது உந்த விலாசங்களுக்கு. உந்த வெள்ளைக்காரக் கிழவனுக்கு எங்கட பிரச்சினையில என்ன தெரியும்?"

"அவருக்குத்தான் அண்ணை தெரியும்."

"நான் சொல்லுறன், ஒண்டிலயும் கை வையாதையும். வைச்சால் செயலாளர் பதவி இல்லை."

என் மனைவி அவித்த இடியப்பத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னப்பா யோசிக்கிறியள்?" என்றா. "உங்கட தம்பியும் அதுக்குள்ளதானே கிடக்கிறார். கத்தியை எடுங்கோ."

கம்பளம் வெட்டுகிற கத்தி இரண்டு வாங்கினேன். ஜேர்மன்காரர் கோடு போடுகிற இரும்பு அடிமட்டத்தோடு இறங்கி வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அன்றுதான். நிலத்தில் பலகை போட்டு, முழங்காலில் இருந்து, அடிமட்டத்தை ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுக்கோட்டில் வைத்தால், மூன்று இழுப்பில் ஒன்பது தாளும் வெட்டுப்படும். வெட்டிய துண்டுகளை மனைவி குளியல் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டா. எழுபத்துமூன்று வயதில் அந்த மனிதர் ஒரு தேத்தண்ணிக்குக்கூட எழும்பவில்லை.

"எல்லாப் பிரதியும் இங்கே இருக்கிறதா?" என்று கேட்டார்.

"ஓம், ஐந்நூறும்."

முப்பதோ நாற்பதோ வெட்டியிருப்பேன். கத்தி அப்படியே நின்றுவிட்டது.

அச்சுக்குக் கொடுக்கமுன் கடைசியாகச் சரிபார்த்த தாள்களை ஒரு போட்டோக்கொப்பி எடுத்திருந்தேன். எடுத்து, பெரிய மண்ணிற உறையில் போட்டு, தம்பிக்கு அனுப்பியிருந்தேன். லொட்ஜில் ஊர்ப் பெடியள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், அண்ணன் செய்த வேலையை எல்லாரும் பார்க்கட்டும் என்று. தபாலில் போட்டு ஒன்பது நாள். இருநூற்றுப் பன்னிரண்டு வரியும் ஏழு நிரலும், என் அழகான கையெழுத்தில் விலாசம் எழுதிய உறைக்குள், கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

சொன்னேன். ஜேர்மன்காரர் முழங்காலில் இருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டார். என் மனைவி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தா.

"தொலைபேசி எடுங்கள்" என்றார்.

கொழும்பில் அப்போது இரவாகியிருக்கும். லொட்ஜ் மனேஜர் எடுத்து, தம்பியைக் கூப்பிடப் போனார். அவர் போய்வந்த நேரத்தில் எனக்கு உயிர் இல்லை. லொட்ஜ் தொலைபேசியில் யாரும் ஒட்டுக்கேட்கலாம், வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

"தம்பி, நான் அனுப்பின கவர் வந்ததே?"

"இல்லை அண்ணை. என்ன கவர்?"

"கலியாணப் படம் அனுப்பினனான். வந்தால் பாக்கவேண்டாம். கிழிச்சுப் போடு."

"கலியாணப் படத்தை ஏன் அண்ணை கிழிக்கிறது? ஆரின்ர கலியாணம்?"

"நாயே, சொல்லுறதைச் செய்" என்று கத்திவிட்டேன். அவனை நான் அப்படிப் பேசியதே இல்லை. அவனுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். "ஓம் அண்ணை" என்றான் மெதுவாக.

மிச்சத்தையும் வெட்டி முடித்தோம். சனிக்கிழமையும் முழுநாள் வேலை. ஞாயிறு மில்லிக்கன் பூங்காவில் கொத்துரொட்டியும் கயிறிழுப்பும் நடந்துகொண்டிருக்க, சனம் மலரைப் புரட்டிப் புரட்டி ஏழாவது நிரலைத் தேடியது. ஒலிவாங்கியில் தலைவர் என் பெயரைச் சொல்லி, பிழைக்கு முழுப் பொறுப்பும் செயலாளர் என்றார். நான் ஓம் என்று கையைத் தூக்கினேன். தாயைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் என் காலடியில் மலரை எறிந்துவிட்டுப் போனார். எனக்கு ரோசம் வரவில்லை. அந்த நேரம் என் மனம் முழுக்க ஒரு மண்ணிற உறையில்தான் இருந்தது.

பதினொரு நாள். ஜேர்மன்காரர் ஒவ்வொரு காலையும் நான் துடைக்கிற மாடியைத் தேடி வருவார். என் முகத்தைப் பார்ப்பார். இன்னும் வரவில்லை என்று நான் தலையை ஆட்டுவேன், திரும்பிப் போவார். கழுத்துப்பட்டி கட்டுவதை விட்டுவிட்டார். மகள் கொண்டுவந்த சூப் அப்படியே குப்பைக்கு வருவதை நான் கண்டேன்.

பன்னிரண்டாம் நாள் தம்பி எடுத்தான். "படம் வந்திட்டுது அண்ணை. கிழிச்சுக் கக்கூசுக்குள்ள போட்டுத் தண்ணி ஊத்தியாச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆனால் கவரின்ர ஒரு பக்கம் உடைச்சுப் பிறகு ஒட்டிக்கிடந்தது" என்றான்.

"உள்ளுக்க?"

"எல்லாம் இருந்தது. வரிசை குலையேல்ல."

நான் அதை நல்ல செய்தியாகத்தான் பதினொராம் மாடிக்குக் கொண்டுபோனேன். ஒன்றும் களவுபோகவில்லை, எல்லாத் தாளும் இருந்தது என்றேன். அவர் கேட்டார், "ஒழுங்கு மாறாமலா?" ஓம் என்றேன். அவர் கதிரையில் மெல்ல இருந்தார்.

"வேலை தெரியாதவன் கலைத்துப் போட்டிருப்பான். களவெடுக்க வந்தவன் எடுத்துக்கொண்டு போயிருப்பான். எடுத்து, பிரதி பண்ணி, வரிசை மாறாமல் திரும்ப வைத்தவன் என்னைப் போல ஒருவன்."

தம்பியை அன்றே லொட்ஜ் மாறச் சொன்னேன். மாறினான். அடுத்த மாசியில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். அந்தப் பட்டியலில் என் வரி தப்பிவிட்டது.

ஐம்பத்தெட்டாம் வரி ரொறன்ரோவில் இருந்த எங்கள் ஊர்ப் பூமணி அக்காவுடையது. மகன் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஒரு அறையில் இருந்தான், இருபத்தொரு வயது. உறை உடைக்கப்பட்டு ஆறு கிழமையில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த நாட்களில் கொழும்பில் ஆமியின் சுற்றிவளைப்பு இல்லாத கிழமை இல்லை, பட்டியல் இல்லாமலே எத்தனையோ பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். இதை எனக்கு நானே ஒரு நாளைக்கு நூறு தரம் சொன்னேன். ஜேர்மன்காரரிடமும் போய்ச் சொன்னேன், அவராவது ஆமென்று சொல்லட்டும் என்று.

"எந்த வரி?" என்று மட்டும் கேட்டார்.

"ஐம்பத்தெட்டு."

"ஐம்பத்தேழும் ஐம்பத்தொன்பதும்?"

"அவர்களுக்கு ஒன்றும் இல்லை."

"அதிலிருந்து ஒன்றும் சொல்லமுடியாது" என்றார். "பட்டியலாலா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியவே போவதில்லை. என்னுடையது எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டில் எது கூடப் பொல்லாதது என்று எனக்குத் தெரியாது."

"கடிதம் எழுதினவர்களுக்கு நீங்கள் சொன்னீர்களா, அட்டையை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று?"

"முதல் கடிதத்தில் அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்வோம், அடுத்ததில் அதைச் சொல்வோம் என்று நினைப்பேன். அடுத்ததிலும் அவர்கள் வேறு ஏதாவது கேட்டிருப்பார்கள்." அவர் தன் ஒரு கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். "முப்பத்தொரு வருடம் பயந்தேன். தண்டனைக்கு இல்லை. அவர்கள் எனக்குக் கடிதம் எழுதாமல் விட்டுவிடுவார்கள் என்று."

அந்தச் சனிக்கிழமை பூமணி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தா. தலைமயிர் வாரவில்லை. கைப்பையில் மகனின் படமும் அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி ஏழும் இருந்தன. கைதிகளைத் தேடித்தருகிற அமைப்பு ஒன்றுக்கும் எங்கள் தொகுதி எம்.பி.க்கும் கடிதம் எழுதவேண்டும், ஊர்ச் சனத்தில் ஆங்கிலத்தில் வடிவாக எழுதக்கூடியவர் அண்ணைதான் என்றா. மனைவி என்னைப் பார்த்தா. நான் அவவைப் பார்க்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். முதலில் கடிதம் முடியட்டும் என்று நினைத்தேன்.

மகனின் முழுப் பெயரை எழுதினேன். வயது எழுதினேன். கடைசியாக இருந்த விலாசம் என்ற இடத்தில் வத்தளையில் அவன் இருந்த வீட்டு இலக்கம், ஒழுங்கை, மேல்மாடி, பின்பக்க அறை என்று ஒரு வரியாக எழுதி முடித்தேன்.

பூமணி அக்கா அடையாள அட்டைப் பிரதியின் பின்பக்கத்தில் விலாசம் குறித்துக்கொண்டு வந்திருந்தா. அதை எனக்கு வாசித்துச் சொல்ல மூக்குக்கண்ணாடியைப் போட்டவ, நான் ஏற்கெனவே எழுதி முடித்ததைப் பார்த்து, தன் கையில் இருந்ததையும் பார்த்தா. கண் நிரம்பிவிட்டது.

"எங்கட பிள்ளை இருந்த அறை வரைக்கும் மனசில வைச்சிருக்கிறியளே அண்ணை" என்றா. "பெத்த தேப்பன் இருந்திருந்தாலும் இப்பிடி வைச்சிருக்கமாட்டார்."

நான் கடிதத்தின் அடியில் அவ கையெழுத்து வைக்கவேண்டிய இடத்துக்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.